தூங்கும் இடத்தின் உயரம்

தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான தாஹான் மலையின் உச்சி, கடல் மட்டத்திலிருந்து 2,187 மீட்டர். ஷா ஆலமிலிருந்து குடும்பத்தோடு காரில் போய்வரும் கெந்திங் மலை அதைவிடத் தாழ்வு. கேமரன் மலையில் கார் ஏறக்கூடிய பிரிஞ்சாங் உச்சியும் 2,000 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. உயரத்தால் வரும் நோய்களைப் பற்றி மருத்துவ நூல்கள் பேசத் தொடங்குவதோ ஏறத்தாழ 2,500 மீட்டரில். ஆகவே கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த ஒருவர் தீபகற்பத்தின் எந்த மூலைக்குப் போனாலும், மெல்லிய காற்று உடலை என்ன செய்யும் என்று அறிய வாய்ப்பே இல்லை. வெயிலைப் பற்றி நமக்குத் தெரியும்; வெள்ளம், டிங்கி, புகைமூட்டம் எல்லாவற்றையும் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறோம். உயரத்தைப் பற்றி நம் தாத்தா பாட்டியும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை, பள்ளிப் பாடமும் சொல்லித் தரவில்லை.

இந்த நிலையில்தான் இமயமலையின் குளிர்ப் பாலைகள் நம் விடுமுறைப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து டில்லிக்கு ஐந்தரை மணி நேர விமானப் பயணம். அங்கிருந்து லடாக்குக்கோ ஸ்பிதிக்கோ போவது இன்று யாருக்கும் அரிய காரியமல்ல. இமாச்சலப் பிரதேசத்தின் லாகூல்-ஸ்பிதி மாவட்டத்தில் இருக்கும் ஸ்பிதிப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். அதன் தலைமை ஊரான காசா ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லங்சா, ஹிக்கிம், கோமிக் ஆகிய சிற்றூர்கள் 4,400 மீட்டரும் அதற்கு மேலும். கி.பி. 996-ல் நிறுவப்பட்ட தாபோ மடாலயம் இங்கேதான் உள்ளது. 2025-ல் யுனெஸ்கோ இந்தக் குளிர்ப் பாலைப் பகுதியைத் தன் உயிர்க்கோளக் காப்பகங்களின் உலக வலையமைப்பில் சேர்த்தது. போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. என் வாதம் ஒன்றே ஒன்று: அங்கே போகும் ஒருவர் நலமாகத் திரும்புவாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, ஒவ்வோர் இரவும் அவர் தூங்கும் இடத்தின் உயரமும், முந்தைய இரவைவிட அது எவ்வளவு கூடியது என்பதும்தான். குளிருடையும் உடற்பயிற்சியும் மருந்துப் பெட்டியும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

பலரும் பயப்படுவது குளிருக்கும் வறட்சிக்கும். அது இயல்பு, ஏனென்றால் அவை கண்ணுக்குத் தெரிகின்றன. தெற்கிலிருந்து வரும் பருவமழை மேகங்கள் இமயத்தின் முன்வரிசை மலைகளில் மோதி ஈரத்தைக் கொட்டிவிடுகின்றன. பின்வரிசைப் பள்ளத்தாக்குகளுக்கு மிஞ்சுவது காய்ந்த காற்று. லடாக்கின் லே நகரில் ஓராண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். ஷா ஆலமில் ஒரு மாலைநேர இடிமழை கொட்டிவிட்டுப் போகக்கூடிய அளவு அது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு டிகிரிக்கு மேல் குறையும் என்ற கணக்கில், காசா கடற்கரையைவிட இருபது டிகிரிக்கும் மேல் குளிர்ந்திருக்கும். ஆனால் குளிர் தோலில் உறைக்கும், வறட்சி உதட்டை வெடிக்க வைக்கும். இரண்டும் தம்மை அறிவித்துவிட்டு வருகின்றன. சட்டை போட்டுக்கொள்ளலாம், தண்ணீர் குடிக்கலாம். காற்றின் மெலிவுக்கு நிறமில்லை, மணமில்லை. வெயில் பளீரென்று அடிக்கும் நீல வானத்தின் கீழ் நிற்பவருக்குத் தம்மைச் சுற்றிப் பற்றாக்குறை இருக்கிறது என்று எதுவும் சொல்வதில்லை.

அந்தப் பற்றாக்குறை எப்படிப்பட்டது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். விகிதம் மாறுவதில்லை, ஷா ஆலமிலும் காசாவிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். மேலிருந்து நம்மை அழுத்தும் காற்றுத் தூண் ஏற ஏறக் குட்டையாகிறது. ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் பாதியாகிவிடுகிறது. பூய் தெ தோம் மலையின் அடியிலும் உச்சியிலும் பாதரசக் குழாயை வைத்து இதை 1648-லேயே காட்டினார்கள் பிரெஞ்சுக்காரர்கள். திட்டம் பாஸ்கலுடையது, மலையேறியவர் அவருடைய மைத்துனர் பெரியே. காசாவில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஷா ஆலமில் காற்றோடு சேர்த்து ஒட்டிய முறுக்குப் பொட்டலத்தைக் காசாவில் பையிலிருந்து எடுத்தால் அது உப்பிப் புடைத்திருக்கும். உள்ளே இருப்பது நம் ஊர் அழுத்தம், வெளியே இருப்பது அந்த ஊர் அழுத்தம். அங்கே தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஆக்சிஜன் நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் போவதும் இதே அழுத்தத்தின் தள்ளுதலால்தான். தள்ளுதல் குறைந்தால் இரத்தத்தில் ஏறும் ஆக்சிஜனும் குறையும். கடல் மட்டத்தில் 97, 98 என்று காட்டும் விரல்நுனிக் கருவி, புதிதாக அங்கே வந்தவருக்கு 90-க்குக் கீழே காட்டுவது வழக்கமே.

உடல் இதற்குப் பதில் சொல்கிறது. அந்தப் பதிலின் வேகம்தான் என் வாதத்தின் மையம். கழுத்தின் இருபுறமும் பெரிய தமனிகள் பிரியும் இடத்தில் அரிசியளவுச் சிறு உறுப்புகள் இரத்தத்தின் ஆக்சிஜனை ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கின்றன. குறைவு தெரிந்த சில நிமிடங்களிலேயே அவை மூச்சை வேகப்படுத்தச் சொல்கின்றன. வேகமாக மூச்சுவிட்டால் ஆக்சிஜன் சற்றுக் கூடும். கூடவே கரியமில வாயு அதிகமாக வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடையும். காரத்தன்மையை விரும்பாத மூளைத்தண்டு, மூச்சைக் குறைக்கச் சொல்கிறது. ஒரு காலால் எண்ணெயையும் மறுகாலால் பிரேக்கையும் சேர்த்து மிதித்துக்கொண்டு ஓட்டுவது போன்ற நிலை இது. பிரேக்கிலிருந்து காலை எடுக்கவைப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி இரத்தத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது. இந்த வேலைக்கு நாள்கள் பிடிக்கும். அவசரப்படுத்தினால் ஓரளவுக்கு மேல் நடக்காது. சிவப்பணுக்கள் பெருகுவதால்தான் உடல் பழகுகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை. சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் சில மணி நேரத்திலேயே கூடினாலும், அதன் பலன் தெரிய வாரங்கள் ஆகும். பத்து நாள் விடுப்பில் வந்திருப்பவரைக் காப்பாற்றுவது நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து முதல் மூன்று நான்கு நாள்களில் செய்துமுடிக்கும் வேலை. செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காகக் கேலின், ராட்க்ளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நுட்பம் இவ்வளவு தெரிந்த பிறகும் அந்த நாள்களைச் சுருக்கும் வழி நமக்குக் கிடைத்துவிடவில்லை.

பகலில் இந்தப் போராட்டம் அவ்வளவாகத் தெரியாது. இரவில் தெரியும். காசாவில் முதல் இரவு ஒரே அறையில் படுத்திருக்கும் இருவரில் ஒருவர் விழித்திருந்தால் மற்றவரின் மூச்சைக் கேட்கலாம். மூச்சு மெல்ல ஆழமாகி, வேகமாகி, பிறகு மெலிந்து, அப்படியே நின்றுவிடும். பத்து வினாடியோ அதற்கு மேலோ சத்தமே இருக்காது. பிறகு ஒரு பெருமூச்சோடு மறுபடி தொடங்கும். கேட்பவருக்குப் பதற்றமாக இருக்கும். ஆனால் அது தனியாக ஒரு நோயன்று, எண்ணெயும் பிரேக்கும் மாறி மாறி மிதிபடும் ஓசைதான். தூக்கத்தில் மூச்சு இப்படித் தளர்வதால் இரத்தத்தின் ஆக்சிஜன் பகலில் இருந்ததைவிடக் கீழே போகிறது. மலையில் பகலில் எட்டிப்பார்த்துவிட்டு வந்த உயரத்தைவிட, இரவில் படுத்த உயரம் உடலைச் சோதிப்பதன் காரணங்களில் இது முக்கியமானது. அங்கே எட்டு மணி நேரம் இருக்கிறோம், அதுவும் காவல் தளர்ந்த எட்டு மணி நேரம்.

பழகும் வேகத்தைவிட ஏறும் வேகம் கூடினால் வருவது மூன்று வகைத் தொல்லை. முதலாவது சாதாரண மலைநோய்: வந்து சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், சோர்வு, பசியின்மை. அதே உயரத்தில் ஓய்ந்திருந்தால் ஓரிரு நாளில் பெரும்பாலும் தணிந்துவிடும். இரண்டாவது நுரையீரலில் நீர் கோப்பது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நுரையீரலின் இரத்தக்குழாய்கள் சுருங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் சுருங்காததால், சுருங்காத பகுதிகளின் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசியும். இது பெரும்பாலும் இரண்டாம் இரவிலிருந்து நான்காம் இரவுக்குள் வரும். தொடக்கம் அற்பமாகத் தோன்றும்: வறட்டு இருமல், கழிவறைவரை நடந்து வந்ததற்கே மூச்சு வாங்குதல். நேற்றுக் கூட நடந்தவர் இன்று படுக்கையிலேயே மூச்சிரைக்கிறார் என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மூன்றாவது மூளை வீக்கம். அதன் அடையாளம் தள்ளாட்டமும் குழப்பமும். குதிகாலும் விரல்நுனியும் தொட்டுத் தொட்டு ஒரே கோட்டில் நடக்கச் சொன்னால் நடக்க முடியாது. பின்னிரண்டும் உயிரைப் பறிப்பவை. இரண்டுக்கும் முதல் மருத்துவம் கீழே இறக்குவது. மலையில் மருத்துவர்கள் வைத்திருக்கும் ஊதக்கூடிய அழுத்தப் பை, நோயாளியை உள்ளே படுக்கவைத்துக் காற்றை ஏற்றினால், இருந்த இடத்திலேயே 1,500 மீட்டருக்கு மேல் இறக்கியதற்கு ஈடான நிலையைத் தருகிறது. அதுவும் இறக்கும்வரை நேரம் வாங்கித்தரும் ஏற்பாடுதான்.

இதெல்லாம் வயதானவர்களுக்கும் நோஞ்சான்களுக்கும் வருவது, உடற்பயிற்சிக்கூடம் போகிறவனுக்கு என்ன என்பது முதலில் எழும் மறுப்பு. இதற்கு விடை இந்தியாவின் எல்லைப் போர் வரலாற்றிலேயே இருக்கிறது. 1962-ல் சீனாவோடு மோதல் மூண்டபோது சமவெளியிலிருந்த வீரர்கள் விமானத்தில் நேரே இமய உயரங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இளைஞர்கள், மருத்துவச் சோதனையில் தேறியவர்கள், நாள்தோறும் பயிற்சி செய்தவர்கள். அவர்கள் கூட்டம் கூட்டமாக நோயுற்றார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடனிருந்தவர்களும் மலைநோய் கண்ட 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, இந்தத் துறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு நிமோனியா என்று மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வேறு நோய் என்று ஆங்கில மருத்துவ உலகம் பரவலாக உணர்ந்ததே 1960-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் எழுதிய பிறகுதான். இந்திய ராணுவம் இன்று கடைப்பிடிக்கும் முறையைப் பாருங்கள்: ஏறத்தாழ 2,700 மீட்டரில் தொடங்கும் முதல் கட்டத்தில் ஆறு நாள், 3,600 மீட்டருக்கு மேல் போக இன்னும் நான்கு நாள், 4,500 மீட்டரைத் தாண்ட மேலும் நான்கு நாள். துப்பாக்கி பிடிக்கும் வீரனுக்கே பதினான்கு நாள் என்றால், அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து போகும் நாம் அதே உயரத்துக்கு இரண்டு நாளில் போகலாம் என்று எந்த ஆதாரத்தில் நம்புகிறோம்?

   

வேகம்தான் காரணம் என்பதற்கு இன்னும் நேரடியான சான்று நேபாளத்திலிருந்து வருகிறது. எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியில், 4,243 மீட்டரில் உள்ள பெரிச்சே என்ற ஊரில், பீட்டர் ஹாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 278 மலைநடைப் பயணிகளை ஆராய்ந்து 1976-ல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 53 விழுக்காட்டினருக்கு மலைநோய் இருந்தது. யாருக்கு அதிகம்? இளையவர்களுக்கு, பாதி வழியை விமானத்தில் தாண்டி 2,800 மீட்டரில் இறங்கியவர்களுக்கு, வேகமாக ஏறியவர்களுக்கு, வழியில் குறைந்த இரவுகளே தங்கியவர்களுக்கு. ஆணா பெண்ணா என்பதோ, சுமந்த சுமையோ, முன்பு உயரமான இடங்களுக்குப் போய்வந்த அனுபவமோ எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. கடைசியில் சொன்னதை நம்மவர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

ஏனென்றால் மலேசியரிடமிருந்து வரும் அடுத்த மறுப்பு கினபாலு மலை. 4,095 மீட்டர் உச்சியைத் தொட்டுவிட்டு வந்தேன், காசா அதைவிடத் தாழ்வுதானே என்பார்கள். கினபாலு ஏற்றத்தின் அமைப்பைக் கவனியுங்கள். 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாயிலில் நடையைத் தொடங்கி, 3,272 மீட்டரில் லாபான் ராத்தாவில் அரை இரவு படுத்து, விடியலில் உச்சியைத் தொட்டு, அன்று மாலையே அடிவாரத்துக்கு வந்துவிடுகிறோம். உயரத்தில் மொத்தம் கழித்தது ஒன்றரை நாளுக்கும் குறைவு. தலைவலியும் வாந்தியும் அங்கேயே பலருக்கு வருகின்றன. நுரையீரலில் நீர் கோப்பதற்கு வேண்டிய இரண்டாம், மூன்றாம் இரவுகளுக்குள் மலையை விட்டே இறங்கிவிடுகிறோம். ஸ்பிதியில் அந்த இரண்டாம், மூன்றாம் இரவுகளையும் அங்கேயேதான் கழிக்கிறோம். கினபாலு கற்றுத் தருவது தொட்டுவிட்டு ஓடிவரும் பாடம். அதைக் கொண்டு போய் ஒரு வாரம் தங்கப்போகும் இடத்தில் பயன்படுத்த முடியாது.

ஸ்பிதியின் நிலவமைப்பை நெருங்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதற்குள் போக முக்கியமாக இரண்டு சாலைகள். ஒன்று மணாலியிலிருந்து. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதையைக் கடந்து, 4,551 மீட்டர் உயரக் குன்சும் கணவாயில் ஏறி இறங்கினால் காசா. கோடையில் ஒரே நாளில் போய்விடலாம். முதல் நாள் மணாலியில் 2,050 மீட்டரில் தூங்கியவர் மறுநாள் 3,650 மீட்டரில் தூங்குகிறார். ஒரே தாவலில் 1,600 மீட்டர். மற்றொன்று ஷிம்லாவிலிருந்து சட்லஜ் ஆற்றை ஒட்டி, கின்னௌர் வழியாகப் போவது. ஷிம்லா 2,200 மீட்டர், கல்பா 2,960, வழியில் நாக்கோ என்ற ஊரைப் பகலில் 3,660 மீட்டரில் கடந்து, தாபோவில் 3,280 மீட்டருக்கு இறங்கிப் படுக்கலாம், பிறகு காசா. கல்பாவுக்கும் தாபோவுக்கும் இடையே தூங்கும் உயரம் 320 மீட்டர் கூடுகிறது, தாபோவுக்கும் காசாவுக்கும் இடையே 370. உயர்மலை மருத்துவர்கள் சொல்லும் விதி, 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இரு என்பது. கல்பாவில் இரண்டு இரவு தங்கினால் ஷிம்லா சாலை அந்த விதிக்கென்றே வெட்டியது போல அமைந்துவிடுகிறது. போய்ச் சேரும் ஊர் ஒன்றே, பார்க்கும் மடாலயங்களும் அவையே. சாலையைத் தேர்ந்தெடுத்த விதத்தில் மட்டும் ஒருவர் உடலுக்குக் கால அவகாசம் தருகிறார், இன்னொருவர் தர மறுக்கிறார்.

மணாலி வழியாக ஒரே நாளில் போனவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். கீழே இறக்குவதுதான் மருத்துவம் என்று சொன்னேன். காசாவிலிருந்து எந்தப் பக்கம் கீழே இறங்குவது? மணாலிப் பக்கம் போக முதலில் 900 மீட்டர் ஏறிக் குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும். ஷிம்லாப் பக்கம் தாபோவரை இறக்கம். பிறகு மறுபடி நாக்கோவுக்கு ஏற்றம். உண்மையான தாழ்நிலமான ரெக்காங் பியோவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மலைச்சாலை. நிலச்சரிவு ஒன்று விழுந்தால் அதுவும் அடைபடும். சாதாரண மலையில் நோயாளியைத் தோளில் தாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் கீழே நடந்தால் 600 மீட்டர் இறங்கிவிடலாம். உயர்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே இங்கே மருத்துவத்தின் பெரும்பகுதி, உள்ளே வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அங்கே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்களே என்றும் கேட்கலாம். வாழ்கிறார்கள், ஆனால் அவர்கள் உடல் நம் உடல் அன்று. ஸ்பிதி மக்களோடு மொழியாலும் சமயத்தாலும் நெருங்கிய திபெத்தியர்களிடம், ஆக்சிஜன் குறைவுக்கு உடல் காட்டும் பதிலை ஆளும் ஈபாஸ்-1 என்ற மரபணு மாறுபட்ட வடிவில் பரவலாக இருப்பதை 2010-ல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அதனால் அவர்கள் இரத்தம் அளவுக்கு மீறித் தடிப்பதில்லை. அந்த மாறுபாடு டெனிசோவன் என்ற அற்றுப்போன மனித இனத்திலிருந்து வந்திருக்கிறது என்று 2014-ல் மற்றோர் ஆய்வு சொன்னது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மக்கள் வேறு வழியில், சிவப்பணுக்களைப் பெருக்கிப் பழகியவர்கள். அவர்களில் சிலருக்கு முதிர்வயதில் இரத்தம் மிகத் தடித்து மொங்கே நோய் என்ற தொல்லையே வருகிறது. உயரத்தோடு மனிதன் செய்துகொண்ட உடன்பாடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் எழுதப்பட்டவை. விடுதிக்காரர் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுவதைப் பார்த்து நாமும் ஏறலாம் என்று முடிவு செய்யக் கூடாது.

மருந்து இருக்கிறதே என்பது இன்னும் வலுவான மறுப்பு, அதற்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டசோலமைடு உண்மையிலேயே வேலை செய்கிறது. சிறுநீரகத்தின் பைகார்பனேட் வெளியேற்றத்தைத் தூண்டி, மேலே சொன்ன பிரேக்கைச் சீக்கிரம் விடுவிக்கிறது. நோயை மறைப்பதில்லை, பழகுதலையே விரைவுபடுத்துகிறது. விமானத்தில் லேயில் இறங்கியே தீர வேண்டியவருக்கு மருத்துவர் அதைப் பரிந்துரைத்தால் நியாயம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் பெரிச்சே ஆய்வில் ஓர் அழகான விவரம் உண்டு: விமானத்தில் வந்தவர்களிடம் அம்மருந்து நோயைக் குறைத்தது, கீழிருந்து நடந்தே வந்தவர்களிடம் பயன் காட்டவில்லை. மெதுவாக ஏறிய நாள்களே அவர்களுக்கு மருந்தின் வேலையைச் செய்திருந்தன என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அவசரத்துக்கு இருக்கும் மருந்தை அவசரத்தை உருவாக்கும் உரிமமாக எடுத்துக்கொள்வது தவறு. தூக்க மாத்திரையும் மதுவும் இரவு மூச்சை மேலும் தளர்த்துவதால் முதல் நாள்களில் இரண்டும் ஆகாது.

கடைகளில் விற்கும் சிறு ஆக்சிஜன் குப்பிகளைப் பற்றி இவ்வளவு சொல்லக்கூட வேண்டியதில்லை. அவற்றில் இருப்பது சில நிமிடங்களுக்கான ஆக்சிஜன். உடல் பழக வேண்டியது நாள்கணக்கில். ஆனால் குப்பி கையில் இருக்கிறது, முடியாவிட்டால் எடுத்துக்கொள்வேன் என்ற எண்ணத்தில் வேறோர் ஆபத்து உண்டு. 1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் செனித் என்ற பலூனில் மூவர் 8,000 மீட்டருக்கு மேல் ஏறினார்கள். ஆக்சிஜன் பைகள் பக்கத்திலேயே தொங்கின. எடுத்துக்கொள்ள வேண்டிய தருணம் வந்தபோது கை எழவில்லை. துன்பம் எதுவும் தெரியவுமில்லை. உயிரோடு இறங்கியவர் திசாந்தியே ஒருவர்தான். ஸ்பிதி 8,000 மீட்டர் அல்ல, அங்கே யாரும் நிமிடங்களில் மயங்குவதில்லை. ஆயினும் ஆக்சிஜன் குறைவு முதலில் மழுங்கச் செய்வது நம் தீர்மானத்தைத்தான். எனக்கு ஒன்றுமில்லை, சும்மா தலைவலி என்று சொல்லும் நோயாளியின் பேச்சை அந்த உயரத்தில் அப்படியே ஏற்கக் கூடாது. தலைவலியை எடுத்துச் சொல்லத் தெரியாத சிறு பிள்ளைகளை அழைத்துப் போவோருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

கடைசி மறுப்பு விடுப்பையும் பணத்தையும் பற்றியது. அதுதான் எனக்கு உண்மையில் கனமாகத் தெரிகிறது. தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவருக்குக் கிடைப்பது பள்ளி விடுமுறையை ஒட்டி ஒரு வாரம், பத்து நாள். ஷிம்லா வழியில் போக வெளிநாட்டவருக்குச் சிறப்பு அனுமதிச் சீட்டு வேண்டும். ஷிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ வாங்க அலைய வேண்டும். மணாலி வழியில் அந்தச் சிக்கல் இல்லாததால் ஏற்பாட்டாளர்களுக்கு அது சுலபம், நாளும் குறைவு, ரிங்கிட்டும் குறைவு. இருக்கட்டும். ஆனால் நாள் குறைவாக இருந்தால் குறைக்க வேண்டியது இடங்களின் எண்ணிக்கையை. கல்பா, தாபோ, காசா என்று மூன்று ஊரோடு நிறுத்திக்கொண்டு, கோமிக்கையும் ஹிக்கிமையும் பகலில் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் காசாவுக்கு இறங்கிவிடலாம். அதற்கும் நாள் போதாதென்றால் கின்னௌரின் சாங்லா, கல்பா அளவிலேயே பயணத்தை முடித்துக்கொள்ளலாம். 3,000 மீட்டருக்குக் கீழிருந்தே பனிமலைகளைக் கண்குளிரப் பார்க்கலாம். லேக்கு விமானத்தில் போகிறவர் முதல் 48 மணி நேரம் ஊரைவிட்டு நகராமல் ஓய்ந்திருக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவர்கள் சொல்வதைப் பயணத் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும். ஐந்து நாளில் லே, நூப்ரா, பங்கோங் என்று அடுக்கும் விளம்பரத்தில் அந்த 48 மணி நேரத்துக்கு இடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

பலர் அப்படிப் போய்விட்டு நலமாகத்தானே வந்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அதுவும் உண்மை. பெரிச்சேயிலும் 47 விழுக்காட்டினருக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த 47 என்பதை முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் இன்னும் வரவில்லை என்பதால்தான் எல்லோரும் மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது.

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். எந்த நாள் எந்த ஊரில் இரவு தங்கல், அந்த ஊரின் உயரம் எத்தனை மீட்டர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் கூடினால் மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற முடியாது என்றாலோ, உயரமெல்லாம் எங்களுக்குத் தெரியாது என்றாலோ, அவரிடம் பணம் கட்டாதீர்கள்.